ஷெல்டர் நாய்க்கு இதயப்புழு என்கிறார்கள், இனி என்ன செய்வது?

ஹூஸ்டன் பக்கம் புதிதாகக் குடிவந்து, வீடு ஒரு வழியாகச் செட்டாகி, பிள்ளைகள் நாய் வேண்டும் நாய் வேண்டும் என்று நச்சரித்து, கடைசியில் ஒரு சனிக்கிழமை ஷெல்டருக்கு, அதாவது நாய்க் காப்பகத்துக்குப் போகிறீர்கள். கூண்டில் தொங்கும் அட்டையில் பெயர், வயது, எடை எல்லாம் போட்டுக் கீழே 'ஹார்ட்வார்ம் பாசிட்டிவ்', அதாவது இதயப்புழு இருக்கிறது என்று எழுதியிருக்கும். பாதிப் பேர் அதைப் பார்த்ததும் அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். மீதிப் பேர், வயிற்றுப் பூச்சி மாதிரி ஏதோ ஒன்று போல, மருந்து கொடுத்தால் போய்விடும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிடுகிறார்கள். நாங்கள் எங்கள் நாய் மணியைக் கூட்டி வந்ததும் அப்படித்தான்.

இரண்டுமே சரியில்லை. இதயப்புழு பெரும்பாலான நாய்களுக்குக் குணமாகக்கூடிய நோய், அதற்காக ஒரு நல்ல நாயை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. ஆனால் இது வயிற்றுப் பூச்சியும் இல்லை. சிகிச்சை முடிய ஐந்து மாதம் ஆகும், அதில் டாக்டரின் கையில் இருக்கும் நாள்கள் நாலைந்துதான், மற்றதெல்லாம் உங்கள் வீட்டில் உங்கள் கையில். எங்களுக்கு யாரும் இதை முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லவில்லை, அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் புழு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊரில் யானைக்கால் நோய் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் வீடு வீடாக வந்து யானைக்கால் மாத்திரை கொடுத்ததாவது ஞாபகம் இருக்கும். அந்தப் புழுவுக்கு இது பங்காளி முறை. அதைப் போலவே கொசு கடித்துத்தான் வரும். பாசிட்டிவ் நாயைக் கடிக்கும் கொசு, ரத்தத்தோடு கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழுக்களையும் உறிஞ்சிக்கொள்கிறது. வெயில் காலத்தில் பத்திலிருந்து பதினான்கு நாளில் அவை கொசுவுக்குள்ளேயே அடுத்த நிலைக்கு வளர்ந்துவிடும். அப்புறம் அந்தக் கொசு இன்னொரு நாயைக் கடிக்கும்போது, கடித்த ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். அதிலிருந்து இரண்டரை மாதம் வரை தோலுக்கடியிலும் தசையிலும் ஊர்ந்து வளர்ந்து, பிறகு ரத்தத்தோடு போய் நுரையீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களில் குடியேறுகிறது. கடித்து ஆறு ஏழு மாதத்தில் அது முழுப் புழு. பெண் புழு பள்ளிக்கூட ஸ்கேல் நீளம், முப்பது சென்டிமீட்டர் வரை வளரும், பார்க்க வெந்த சேமியா மாதிரி இருக்கும். ஐந்து முதல் ஏழு வருடம் உயிரோடு இருந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

கொசு நடுவில் இல்லாமல் இது பரவாது. பாசிட்டிவ் நாய் உங்கள் வீட்டு இன்னொரு நாயை நக்கினாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒன்றாகத் தூங்கினாலும் ஒட்டாது. குஞ்சுப்புழு கொசுவுக்குள் போய் வளர்ந்தால்தான் அடுத்த நாய்க்குள் பெரிய புழுவாக முடியும். பிள்ளைகள் தொடக் கூடாதோ என்ற பயமும் வேண்டாம், மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் எங்கள் வீட்டில் எல்லாரும் டிவி பார்த்தோம்.

ஆரம்பத்தில் வெளியே ஒன்றுமே தெரியாது. நாய் ஓடும், சாப்பிடும், வாலாட்டும். பிறகு வறட்டு இருமல் வரும், முன்பு மூன்று தெரு நடந்த நாய் ஒரு தெருவிலேயே உட்கார்ந்துவிடும், எடை குறையும், முற்றிவிட்டால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். இருமல் வந்த பிறகுதான் டெஸ்ட் என்று காத்திருந்தால் நுரையீரல் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும்.

ஷெல்டரில் கையெழுத்துப் போடும் முன்

இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தத் தேதியில் என்ன டெஸ்ட் எடுத்தீர்கள், சிகிச்சைச் செலவை யார் ஏற்பது? டெக்ஸாஸில் பாசிட்டிவ் நாய்கள் ஏராளம், அதனால் பல ஷெல்டர்களும் மீட்புக் குழுக்களும் நன்கொடைப் பணத்தில் சிகிச்சை கொடுத்து, முடிகிற வரை நாயை உங்கள் வீட்டில் வளர்ப்புக்கு விட்டு, பிறகு தத்து எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எங்களுக்கு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு டாலர் ஆனது. கேட்டிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கலாம்.

டெஸ்ட்

நெகட்டிவ் என்று எழுதியிருந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். வழக்கமாக எடுக்கும் ஆன்டிஜன் டெஸ்ட், வளர்ந்த பெண் புழு இருந்தால்தான் காட்டும். போன மாதமோ மூன்று மாதம் முன்போ கொசு கடித்திருந்தால் இன்றைக்கு டெஸ்ட் நெகட்டிவ்தான். அதனால் ஏழு மாதத்துக்கு மேற்பட்ட எந்த நாயைக் கூட்டி வந்தாலும் இன்று ஒன்று, ஆறு மாதம் கழித்து ஒன்று, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. குட்டி என்றால் டெஸ்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், எட்டு வார வயதுக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிட்டு ஆறு மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தால் போதும்.

சில சொட்டு ரத்தம், பத்து நிமிடம், ஒரு பிளாஸ்டிக் அட்டையில் நீலப் புள்ளி வருகிறதா என்று பார்ப்பார்கள். பாசிட்டிவ் வந்தால் அதை மட்டும் வைத்து ஊசி போடக் கூடாது, இன்னொரு கம்பெனி கிட்டிலோ லேபிலோ இரண்டாம் முறை உறுதி செய்ய வேண்டும், கூடவே ரத்தத்தில் குஞ்சுப்புழு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எங்கள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். மணியின் ஒரு சொட்டு ரத்தம், அதில் அறுந்த நூல் மாதிரி ஏதோ ஒன்று இருந்த இடத்திலேயே நெளிந்து நெளிந்து பக்கத்துச் சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒன்று இல்லை, பார்வைக்குள் நாலு இருந்தது. பக்கத்தில் மணி என் செருப்பை முகர்ந்துகொண்டு நின்றான், ஒன்றும் தெரியாத மாதிரி. அன்றைக்கு இறங்கிய பாரம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

அதன் பிறகு மார்பு எக்ஸ்ரே, கல்லீரல் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் இதய ஸ்கேன். இதை வைத்து நோய் எந்த நிலை என்று ஒன்றிலிருந்து நான்கு வரை பிரிப்பார்கள். நான்காம் நிலையில் புழுக்கள் நுரையீரல் குழாயில் இடமில்லாமல் இதயத்துக்கும் பெருஞ்சிரைக்கும் பின்வாங்கியிருக்கும். திடீரென்று சரிந்து விழுவது, ஈறு வெளுத்துப் போவது, மூத்திரம் காபி டிக்காஷன் நிறத்தில் போவது எல்லாம் அதன் அடையாளம், அதற்கு ஊசி உதவாது, கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கருவி விட்டுப் புழுக்களை வெளியே இழுத்து எடுக்க வேண்டும், அதுவும் உடனே.

சிகிச்சைக் காலண்டர்

அமெரிக்கன் ஹார்ட்வார்ம் சொசைட்டி சொல்லும் முறை ஒன்று இருக்கிறது, உங்கள் டாக்டர் அதைத்தான் பின்பற்றுகிறாரா என்று கேளுங்கள். மணிக்கு நடந்ததை அப்படியே தேதியோடு சொல்கிறேன், உங்கள் தேதிகளை இதில் பொருத்திப் பாருங்கள்.

பிப்ரவரி 10, நோய் உறுதியான நாள். இதுதான் பூஜ்ஜியம். அன்றே மாதத் தடுப்பு மருந்து தொடங்கியாயிற்று, புதிதாக ஒன்றும் உள்ளே வளரக் கூடாது என்பதற்காக. ரத்தத்தில் குஞ்சுப்புழு நிறைய இருந்தால் முதல் டோஸில் அவை கூட்டமாகச் செத்து நாய்க்கு அதிர்ச்சி வரக்கூடும், அதனால் முதல் டோஸை டாக்டர் முன்னால் கொடுத்துவிட்டு அங்கேயே சில மணி நேரம் இருந்தோம். அன்றிலிருந்தே ஓட்டம் சாட்டம் நிறுத்தம்.

கூடவே நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின், கிலோவுக்கு 10 மில்லிகிராம், காலை மாலை இரண்டு வேளை. புழுவுக்கு எதற்கு ஆன்டிபயாட்டிக் என்று நானும் கேட்டேன். இந்தப் புழுவின் உடம்புக்குள் வோல்பேக்கியா என்று ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது, அது இல்லாமல் புழுவால் தெம்பாக இருக்கவும் முடியாது, குட்டி போடவும் முடியாது. பாக்டீரியாவைக் கொன்றால் புழு வலுவிழக்கும், பிறகு புழு சாகும்போது நாயின் நுரையீரலில் வரும் வீக்கமும் குறையும். இந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி வரும். ஆனால் நம் வீட்டு நாய்க்குப் பிடித்த தயிர் சாதத்தோடு மட்டும் வேண்டாம், பாலும் தயிரும் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். கோழி வேகவைத்த தண்ணீரில் பிசைந்த சோறு நல்லது, உப்பும் வெங்காயமும் இல்லாமல்.

பிறகு ஒரு மாதம் சும்மா காத்திருப்பு. அந்த ஒரு மாதம் வீணாகிறதே என்று தவித்தோம், ஆனால் அதற்குக் காரணம் உண்டு. இரண்டு மூன்று மாத வயதுள்ள இளம் புழுக்கள் மாதத் தடுப்பு மருந்துக்கும் சரியாகச் சாகாது, ஊசிக்கும் சரியாகச் சாகாது. அவை ஊசியில் சாகிற வயதுக்கு வரட்டும் என்றுதான் அந்த இடைவெளி.

ஏப்ரல் 11, அறுபதாம் நாள், வளர்ந்த புழுவைக் கொல்லும் முதல் மெலார்சோமின் ஊசி. இது ஆர்சனிக் சேர்ந்த மருந்து, நம் ஊரில் பாஷாணம் என்பார்களே, அந்த வகை. கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், இடுப்புக்கு மேலே முதுகுத்தண்டின் பக்கத்துத் தசையில் ஆழமாகப் போடுவார்கள். வலிக்கும். அன்று இரவு மணி படுக்கையில் உட்காரத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தான், ஊசி போட்ட இடத்தில் முடியைச் சிரைத்திருந்தார்கள், அங்கே கை பட்டாலே முனகினான். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிட்டது. நாயைக் கூட்டி வருவதற்கு முன்பே வலி மருந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மே 11 இரண்டாம் ஊசி, மறுநாள் மே 12 மூன்றாவது. பழைய முறையில் அடுத்தடுத்த நாளில் இரண்டு ஊசி போட்டு முடித்துவிடுவார்கள், செலவு குறைவுதான், ஆனால் அதில் சுமார் 90 சதவீதப் புழுக்கள்தான் சாகும், மூன்று ஊசி முறையில் 98 சதவீதம். அதைவிட முக்கியம், முதலில் ஒரே ஊசி போட்டுக் கொஞ்சம் புழுக்களை மட்டும் கொன்றுவிட்டு ஒரு மாதம் விட்டு மீதியைக் கொல்வதால் ஒரே சமயத்தில் பாரம் விழாது. இரண்டு போதும் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

ஒவ்வொரு ஊசிச் சுற்றுக்குப் பிறகும் நான்கு வாரம் பிரெட்னிசோன் என்ற வீக்கம் குறைக்கும் மாத்திரையைக் குறைத்துக் குறைத்துக் கொடுப்பார்கள். நாய்க்குப் பசியும் தாகமும் எகிறும், ராத்திரி இரண்டு முறை வெளியே கூட்டிப் போக வேண்டியிருக்கும். தொந்தரவாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள். வலிக்கிறது போல என்று வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலோ ஐப்யூபுரோஃபனோ ஆஸ்பிரினோ கொடுக்கவே கூடாது.

டாக்டர் செய்வது இவ்வளவுதான். இனி உங்கள் வேலை.

ஓடவிடாமல் வைத்திருப்பது

இந்தச் சிகிச்சையில் ஆபத்து உயிரோடு இருக்கும் புழுவைவிடச் செத்த புழுவால்தான் அதிகம். ஊரில் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை அறுத்து அப்படியே தண்ணீரில் விட்டால் என்ன ஆகும்? மிதந்து போய் அடுத்த மதகில் அடைத்துக்கொள்ளும். செத்த புழுவும் அப்படித்தான், துண்டு துண்டாகி ரத்தத்தோடு நுரையீரலின் மெல்லிய குழாய்களுக்குப் போய் நிற்கிறது, உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க ஆறு எட்டு வாரம் ஆகிறது. அந்தச் சமயத்தில் நாய் ஓடினால், அணிலைப் பார்த்துப் பாய்ந்தால், வாசலில் அழைப்பு மணி அடித்ததும் குதித்தால், இதயம் வேகமாகத் தள்ளும், ஒரே நேரத்தில் பெரிய அடைப்பு விழும். ஊசி நன்றாகப் போட்டு, நாய் தெம்பாக இருக்கிறதே என்று மூன்றாம் வாரம் பூங்காவில் அவிழ்த்துவிட்டு இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, அறுபதாம் நாளிலிருந்து கடைசி ஊசிக்குப் பிறகு எட்டு வாரம் வரை நாய் உங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆறடிக் கயிறு, சிறுநீர் மலம் கழிக்க மட்டும் ஐந்து நிமிடம், திரும்பி வீட்டுக்குள். நீளும் கயிறு வேண்டாம். படிக்கட்டு கூடாது, சோபாவில் ஏறிக் குதிப்பது கூடாது, மற்ற நாயோடு விளையாட்டுக் கூடாது. நாங்கள் இரண்டாம் மாடியில் இருந்தோம், இருபத்தைந்து கிலோ நாயை ஒரு நாளைக்கு நாலு முறை தூக்கி இறக்கி ஏற்றினேன். முடிந்தால் ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை தொடைக்குப் பின்னால் கொடுத்துத் தூக்குங்கள், ஊசி போட்ட முதுகை அழுத்தாதீர்கள்.

கூண்டு வாங்க வேண்டும், நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்கிற அளவு. நோய் உறுதியான நாளிலிருந்து ஊசிக்கு இரண்டு மாதம் இருக்கிறது அல்லவா, அந்தச் சமயத்தில் கூண்டைப் பழக்கிவிடுங்கள், சாப்பாடு அதற்குள்ளேயே, கதவு திறந்தே இருக்கட்டும், அப்புறம் கொஞ்ச நேரம் சாத்தி, அப்புறம் நிறைய நேரம். ஊசி போட்ட அன்றைக்குத்தான் முதல்முறையாக அடைத்தால் கத்திக் குதித்து எல்லாம் கெட்டுவிடும். எங்கள் அம்மா போனில் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, வாயில்லா ஜீவனை இப்படி அடைச்சுப் போடலாமா?" என்று வருத்தப்பட்டார். அம்மாவுக்கு வாய்க்கால் கதையைச் சொன்னேன், அதற்குப் பிறகு தினமும் போன் பண்ணி, இன்னிக்கு ஓடலையே என்றுதான் முதலில் கேட்டார்.

சும்மா கிடக்கும் நாய்க்கு மூளைக்கு வேலை வேண்டும். ரப்பர் பொம்மைக்குள் கோழிச் சாறும் சோறும் திணித்து உறையவைத்துக் கொடுத்தால் முக்கால் மணி நேரம் நக்கும். பழைய துண்டில் பிஸ்கட்டைச் சுருட்டிக் கொடுங்கள், மூக்கால் தேடி எடுக்கட்டும். படுத்தபடியே 'கை கொடு', 'பொறு' எல்லாம் சொல்லிக் கொடுக்கலாம், மணி தமிழ் கற்றுக்கொண்டது அந்த எட்டு வாரத்தில்தான். அப்படியும் அடங்காத நாய் என்றால் டாக்டரிடம் டிராசடோன் மாதிரி அமைதி மாத்திரை கேளுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. வாசல் மணியைக் கழற்றி வைத்துவிட்டு, வருகிறவர்களைப் போன் பண்ணச் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியாமல் போனது. ஊசித் தேதியைக் குறிக்கும்போது முன்னால் எட்டு வாரக் காலண்டரையும் பாருங்கள். எங்கள் எட்டாம் வாரம் ஜூலை 4-ல் போய் விழுந்தது. ஹூஸ்டனில் அன்று இரவு பத்து மணிக்கு மேலும் வெடி வெடிக்கும். சாயங்காலமே அமைதி மாத்திரை கொடுத்து, குளியலறையில் மெத்தை போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, நானும் மணியும் அங்கேயே தூங்கினோம். இரண்டு வாரம் முன்பே தொடங்கியிருந்தால் அந்தப் பயம் இருந்திருக்காது.

இந்த நாள்களில் இருமல் கூடினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்தாலோ, மயங்கினாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், இரவு நேர அவசரச் சிகிச்சை எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து எண்ணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள். ஊசிக்குப் பிந்தைய முதல் வாரம் முடிகிற சமயம் குறிப்பாகக் கவனம் தேவை.

கடைசி ஊசிக்கு ஒரு மாதம் கழித்துக் குஞ்சுப்புழு டெஸ்ட், ஒன்பது மாதம் கழித்து ஆன்டிஜன் டெஸ்ட். அதற்கு முன் எடுத்தால் செத்த புழுவின் மிச்சமே பாசிட்டிவ் காட்டலாம்.

மெலார்சோமின் கிடைக்காத இடம், அல்லது அந்த நாயின் உடம்பு தாங்காது என்ற நிலை இருந்தால், மாதாமாதம் தோலில் விடும் மாக்ஸிடெக்டினும் டாக்ஸிசைக்ளினும் சேர்த்து மெதுவாகக் கொல்லும் வழி உண்டு. ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை உயிரோடு இருக்கும் புழு குழாயைக் கெடுத்துக்கொண்டே இருக்கும், ஓட்டமும் அதுவரை தடைதான். செலவு குறைவு என்பதற்காக மட்டும் அந்த வழிக்குப் போகாதீர்கள் என்பது என் கருத்து.

தடுப்பு: மாதம் ஒரு மாத்திரை

மேலே படித்த எதுவும் வேண்டாம் என்றால் இது ஒன்றுதான் வழி. மாத்திரை கொடுத்தால் அடுத்த முப்பது நாள் உடம்பில் காவல் நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாயில் கொடுக்கும் பெரும்பாலான மாத்திரைகள் அப்படி வேலை செய்வதில்லை. இன்று கொடுப்பது போன ஒரு மாதத்தில் உள்ளே இறங்கிய குஞ்சுகளைக் கொல்கிறது, அவ்வளவுதான். போன மாதத்துக் குப்பையை இன்று பெருக்குகிற கணக்கு. ஒரு மாதம் விட்டால் அந்தக் குஞ்சு வளர்ந்துவிடும், ஏறக்குறைய ஐம்பது நாள் தாண்டினால் அடுத்த மாத்திரைக்கு அது சரியாக மசியாது. அதனால்தான் தேதி முக்கியம். இந்தப் பக்கம் குளிர்காலத்திலும் கொசு முழுசாக ஒழிவதில்லை, எனவே பன்னிரண்டு மாதமும் கொடுங்கள்.

1987-ல் ஐவர்மெக்டின் மாதமாத்திரை வருவதற்கு முன் தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், ஒரு நாள் விட்டாலும் சிக்கல். ஐவர்மெக்டினின் மூலப்பொருளைக் கண்டுபிடித்த ஓமுராவுக்கும் கேம்பெல்லுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது ஹார்ட்கார்டு பிளஸ், இன்டர்செப்டர் பிளஸ், உண்ணியையும் சேர்த்துக் கொல்லும் சிம்பாரிகா ட்ரையோ, தோலில் விடும் சொட்டு மருந்துகள், ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை போடும் புரோஹார்ட் ஊசி என்று நிறைய இருக்கின்றன. தேதி மறக்கிற வீடு என்றால் ஊசி நல்லது. உண்ணிக்கும் சேர்ந்த மாத்திரை கேட்பதாக இருந்தால், நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு ஐவர்மெக்டின் மூளைக்குள் போய்விடும் மரபணுக் குறை உண்டு, மாதமாத்திரையில் இருக்கும் சின்ன அளவு அவற்றுக்கும் ஆகும், பெரிய அளவு ஆகாது.

எடைப் பட்டியலைப் பாருங்கள். ஹார்ட்கார்டில் 25 பவுண்டு வரை நீலப் பெட்டி, 26-லிருந்து 50 வரை பச்சை, 51-லிருந்து 100 வரை பழுப்பு. குட்டி வளர வளரப் பெட்டி மாற வேண்டும்.

மாத்திரையைத் தட்டில் போட்டுவிட்டு நகராதீர்கள். ஒரு மாதம் மணி வாங்கிக்கொண்டு போனான், சாப்பிட்டான் என்று காலண்டரில் குறித்துவிட்டேன். மூன்றாம் நாள் செருப்பு அலமாரிக்குப் பின்னால் பெருக்கும்போது பழுப்புக் கட்டி ஒன்று, ஒரு பக்கம் பல் பதிந்து, முடியும் தூசியும் ஒட்டிக் காய்ந்துபோய்க் கிடந்தது. அன்றே புதிது ஒன்று கொடுத்தேன். இப்போது நாலு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றாகக் கையால் கொடுத்து, மென்று விழுங்குவதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருக்கிறேன்.

மறந்துவிட்டால்? ஞாபகம் வந்த அன்றே கொடுங்கள், டாக்டருக்குச் சொல்லுங்கள், ஆறு ஏழு மாதம் கழித்து டெஸ்ட். பல மாதம் விட்டிருந்தால் இப்போதும் ஒரு டெஸ்ட், ஆறு மாதம் கழித்து இன்னொன்று. ஒரு நாளும் தவறாமல் கொடுத்தாலும் வருட டெஸ்டை விடாதீர்கள், மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் இந்த மருந்துகளுக்குச் சரியாக அடங்காத புழுக்கள் உறுதியாகியிருக்கின்றன.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டினை வாங்கிச் சொட்டு விட்டால் மலிவாயிற்றே என்று ஒருவர் சொல்வார். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம், இருபத்தைந்து கிலோ நாய்க்குத் தேவை 0.15 மில்லிகிராம், அதாவது ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்கு. எந்தச் சிரிஞ்சில் அதை அளப்பீர்கள்? பூண்டும் புழுவைக் கொல்லாது, நாய்க்கு அது விஷம். வேப்பெண்ணெய் தடவினால் கொசு கொஞ்சம் தள்ளி நிற்கலாம், ஆனால் ஒரே ஒரு கொசு போதும். தொட்டியில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள், நல்லது, அது மாத்திரைக்குப் பதில் ஆகாது. பூனையும் வீட்டில் இருந்தால் அதற்கும் தடுப்பு மருந்து வேண்டும், பூனைக்கு மெலார்சோமின் ஊசி போட முடியாது. நாய்க்குத் தடவும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு ஆகாது, அதையும் ஞாபகம் வையுங்கள்.

ஊரில் நாய் வைத்திருப்பவர்களுக்கு

அண்ணன் வீட்டு நாய்க்கு ரத்தத்தில் மைக்ரோபைலேரியா, அதாவது குஞ்சுப்புழு என்று எழுதியிருக்கிறார்கள், உன் மணிக்கு வந்ததுதானா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள். இந்தியாவில் இதயப்புழு அதிகம் பதிவாகியிருப்பது வடகிழக்கு மாநிலங்களில். கேரளாவிலும் இலங்கையிலும் நாய்களில் பரவலாக இருப்பது டைரோபைலேரியா ரெபென்ஸ் என்ற இன்னொரு சொந்தக்காரப் புழு, அது இதயத்துக்குப் போகாமல் தோலுக்கடியில் இருக்கும். கொசு வழியாக மனிதர்களுக்கும் வந்து கண்ணிலோ தோலுக்கடியிலோ கட்டியாக நிற்பதுண்டு. கண்ணாடித் தகட்டில் பார்த்தால் இரண்டின் குஞ்சும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் ஆன்டிஜன் டெஸ்டோ மரபணுவை வைத்துப் பார்க்கும் பிசிஆர் டெஸ்டோ எடுத்து எந்தப் புழு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மருந்து.

அதுவரை வீட்டில் மிச்சம் இருக்கும் யானைக்கால் மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று உடனே போன் பண்ணிச் சொல்லுங்கள். டைஎத்தில்கார்பமசின் என்ற அந்த மருந்து, குஞ்சுப்புழு ஓடும் இதயப்புழு நாய்க்குப் போனால் சில மணி நேரத்தில் நாய் அதிர்ச்சியில் சரிந்துவிடக்கூடும்.